ஜெனீவாவுக்குப் போகும் முறையீடுகள்: வாசகர் கேள்வி – பதில்

மனித உரிமை மீறல்களை ஐக்கிய நாடுகள் சபையின் முன் எடுத்துச் செல்லும் அமைப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பலவும் ஒரே ஐயத்தை வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்ததால், அவற்றை ஒன்றுசேர்த்து இங்கே பதில் தந்திருக்கிறோம்.

ஆண்டுதோறும் அமைப்புகள் ஜெனீவாவுக்குப் போகின்றன, பேசுகின்றன, தீர்மானம் நிறைவேறியதாகச் செய்தி வருகிறது. ஆனால் குற்றமிழைத்த ஒருவராவது சிறைக்குப் போனதாக நான் படித்ததில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு இதனால் என்னதான் கிடைத்தது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதில் ஒரு பங்கு தவறான முகவரிக்குப் போகிறது. ஜெனீவாவில் கூடும் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை நீதிமன்றம் அன்று. முன்பிருந்த மனித உரிமைகள் ஆணையத்தைக் கலைத்துவிட்டு 2006ஆம் ஆண்டு பொதுச்சபை உருவாக்கிய இந்தப் பேரவையில், பொதுச்சபையே இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும் 47 நாடுகள் மும்மூன்று ஆண்டுகளுக்கு உறுப்பு வகிக்கின்றன. அங்கே அமர்ந்திருப்பவர்கள் நீதிபதிகள் அல்லர், அரசாங்கங்களின் தூதர்கள். ஒருவரைக் கைது செய்யவோ தண்டிக்கவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. தனிநபர்களை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தில் சேராத நாடுகளில் நடந்தவற்றை விசாரிப்பதற்கு அந்த நீதிமன்றத்துக்கும் பல தடைகள் இருக்கின்றன.

அப்படியானால் எதற்காகப் போகிறார்கள்? அர்ஜென்டினாவில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 1976 மார்ச்சில் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம், எதிர்ப்பாளர்கள் என்று தான் கருதியவர்களை இரவோடிரவாகத் தூக்கிச் சென்றது. வீட்டார் காவல் நிலையத்தில் கேட்டால், அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்று பதில் வந்தது. ஆள்கொணர்வு மனு போட்டால் நீதிமன்றமும் அதே பதிலை வாங்கி வைத்துக்கொண்டு மனுவைத் தள்ளியது. 1977 ஏப்ரலில், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் சிலர் தலைநகரின் பிளாசா தெ மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது என்று போலீசார் விரட்டியதால், நிற்காமல் சுற்றி நடந்தார்கள். பின்னர் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு வியாழக்கிழமைதோறும் நடந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களுக்குத் தலைமை தாங்கிய மூவரையே இராணுவம் கடத்திக் கொன்றது. அப்போதும் மற்றவர்கள் பெயர், வயது, கொண்டுபோன நாள், இடம் என்று பட்டியல் எழுதுவதை நிறுத்தவில்லை. மனித உரிமை அமைப்புகள் அந்தப் பட்டியல்களை நாட்டுக்கு வெளியே கொண்டுசென்று, ஐ.நா.வில் விடாமல் முன்வைத்தன. அர்ஜென்டினாவின் தூதர்கள் அதைத் தடுக்கத் தம்மால் ஆனதையெல்லாம் செய்தார்கள். ஆனாலும் 1980 பிப்ரவரியில், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய செயற்குழுவை அன்றைய ஆணையம் நிறுவியது. ஒரு குறிப்பிட்ட வகை மீறலை உலகம் முழுவதிலும் கண்காணிப்பதற்காக ஐ.நா. அமைத்த முதல் குழு அதுதான். இன்றும் அது இயங்குகிறது. 1983இல் இராணுவ ஆட்சி விழுந்தபின் அமைந்த உண்மை அறியும் ஆணையத்துக்கும், 1985இல் இராணுவத் தலைவர்களுக்கு எதிராக நடந்த வழக்குக்கும், அமைப்புகள் முன்பே சேர்த்து வைத்திருந்த விவரங்கள் பயன்பட்டன. ஆட்சித் தலைவராயிருந்த விதேலாவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஐ.நா. அந்தத் தண்டனையை விதிக்கவில்லை. அதற்கு அடிப்படையான ஆதாரம் அழிந்துபோகாமல் காக்கும் வேலையில் அதற்கும் ஒரு பங்கு இருந்தது.

அண்மைக்கால உதாரணமும் உண்டு. 2022 ஜனவரியில் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகர நீதிமன்றம், சிரிய உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி ஒருவருக்கு மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்காக ஆயுள் தண்டனை வழங்கியது. சிரிய விவகாரத்தைப் பாதுகாப்புச் சபை குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்புவதை ரஷ்யாவும் சீனாவும் 2014இல் ரத்து அதிகாரத்தால் தடுத்துவிட்டன. அதற்குப் பிறகும் அமைப்புகள் ஆவணங்களையும் சாட்சியங்களையும் சேர்த்தபடியே இருந்ததால்தான், வேறொரு நாட்டின் நீதிமன்றத்தில் கதவு திறந்தபோது கொண்டுபோய் வைக்க ஏதேனும் இருந்தது. எல்லாக் குடும்பங்களுக்கும் இப்படி வாய்ப்பதில்லை. மிகப் பலருக்கு இன்றுவரை எதுவும் கிடைக்கவில்லை என்பதே உண்மை. ஜெனீவாவுக்குப் போனால் நீதி கிடைத்துவிடும் என்று பாதிக்கப்பட்டவர்களிடம் சொல்லிக் கையெழுத்து வாங்குகிற அமைப்பு எதுவானாலும் அது அவர்களை ஏமாற்றுகிறது.

யார் வேண்டுமானாலும் அங்கே போய்ப் பேசலாமா? எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு அந்த உரிமை உண்டா?
— சங்கச் செயலாளர் ஒருவர்

பேரவை மண்டபத்தில் பேச வேண்டுமானால், ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றம் அரசு சாரா அமைப்புகளுக்கு வழங்கும் ஆலோசனைத் தகுதியைப் பெற்றிருக்க வேண்டும். ஐ.நா. சாசனத்தின் 71ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. நடைமுறை விதிகளை 1996ஆம் ஆண்டுத் தீர்மானம் ஒன்று வகுத்திருக்கிறது. அமைப்பு தொடங்கிக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும், எழுதப்பட்ட விதிமுறைகளும் பொறுப்புக்கூறும் நிர்வாகமும் இருக்க வேண்டும், பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்ட வேண்டும். இப்போது இத்தகுதி பெற்றவை ஆறாயிரத்துக்கும் மேல்.

கேட்பதற்கு எளிதாகத் தெரியும் இந்த வழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது 19 நாடுகள் கொண்ட ஒரு குழு, அதாவது அரசாங்கங்களேதான். எந்த அரசின் செயல்களைப் பற்றி அமைப்பு பேசப்போகிறதோ, அதே அரசு அந்தக் குழுவில் இருக்கலாம். மறுக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு உறுப்பு நாடு கூடுதலாக ஒரு கேள்வி கேட்டால் போதும், விண்ணப்பம் அடுத்த அமர்வுக்குத் தள்ளிப்போகும். சாதிப் பாகுபாட்டைப் பற்றிப் பணியாற்றும் சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு 2008இல் விண்ணப்பித்தது. இந்தியா எழுப்பிய கேள்விகளுக்கு மட்டுமே அது நூற்றுக்கும் மேற்பட்ட முறை விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில், குழுவைத் தாண்டிப் பொருளாதார சமூக மன்றத்தில் வாக்கெடுப்பு நடந்த பிறகே தகுதி கிடைத்தது. பத்திரிகையாளர் பாதுகாப்புக்கான அமைப்பு ஒன்றுக்கு 2016இல் நடந்ததும் ஏறத்தாழ இதேதான். அலுவலகக் கோப்பு மேசை மேசையாக நகர்கிற கதையை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தகுதி இல்லாதவர்களுக்கு வாயில்கள் அடைபட்டுவிடவில்லை. பேரவை நியமிக்கும் தனி நிபுணர்களான சிறப்பு அறிக்கையாளர்களுக்கு முறையீடு அனுப்பவோ, ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் மற்ற நாடுகள் முறைவைத்து ஆராயும் உலகளாவிய காலமுறை மீளாய்வுக்கு அறிக்கை தரவோ, மனித உரிமை ஒப்பந்தங்களை நாடுகள் கடைப்பிடிக்கின்றனவா என்று கண்காணிக்கும் உடன்படிக்கைக் குழுக்களுக்கு, அரசின் அறிக்கைக்கு மாற்று அறிக்கை எழுதவோ எந்தத் தகுதியும் தேவையில்லை. உங்கள் சங்கம் நாளையே அதைச் செய்யலாம். என் மதிப்பீட்டில், மண்டபத்துப் பேச்சைவிட இந்த மூன்றும் பயனுள்ளவை.

மண்டபத்தில் ஓர் அமைப்புக்கு எவ்வளவு நேரம் தருவார்கள்?

பெரும்பாலும் ஒன்றரை நிமிடம். நேரம் முடிந்ததும் ஒலிவாங்கி நின்றுவிடும். நடுவிலேயே ஏதேனும் ஓர் அரசின் பிரதிநிதி ஒழுங்குப் பிரச்சினை எழுப்பி, பேசுபவர் தலைப்பை விட்டு விலகுகிறார் என்றோ நாட்டின் பெயரைத் தவறாகச் சொல்கிறார் என்றோ இடைமறிக்கலாம். அரசே பின்னால் நின்று நடத்தும் ‘அரசு சாரா’ அமைப்புகளும் உண்டு; அவை பேச்சாளர் பட்டியலில் முந்திக்கொண்டு பெயர் கொடுத்து, தங்கள் அரசைப் புகழ்ந்துவிட்டு உட்காரும்.

பார்சேலோ என்ற ஸ்பானிய ஓவியர் பல வண்ணக் கூம்புகளைத் தொங்கவிட்டு அலங்கரித்த அந்த மண்டபத்துக் கூரையின் கீழ் நின்று எடுத்துக்கொண்ட படத்தைப் பரப்புவதோடு கடமையை முடித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். உருப்படியான வேலை பெரும்பாலும் மண்டபத்துக்கு வெளியே, ஒரு தூதரகத்தின் இரண்டாம் நிலை அதிகாரியோடு தீர்மான வரைவின் ஏழாம் பத்தியில் ‘கவலை தெரிவிக்கிறது’ என்பதா, ‘கண்டிக்கிறது’ என்பதா என்று வாதாடும் இடத்தில் நடக்கிறது. அதைப் படமெடுக்க யாரும் வருவதில்லை.

பேசப் போனவர்கள் ஊர் திரும்பும்போது அவர்களுக்கு ஆபத்து வராதா?
— கல்லூரி மாணவி ஒருவர்

வருகிறது, சில சமயம் புறப்படும்போதே வருகிறது. சீனாவைச் சேர்ந்த சாவ் சுன்லி என்ற வழக்கறிஞர், தம் நாட்டின் காலமுறை மீளாய்வுக்கான அறிக்கையைத் தயாரிக்கும்போது குடிமக்களின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று போராடியவர். ஜெனீவாவில் ஒரு பயிற்சிக்காகப் புறப்பட்ட அவரை 2013 செப்டம்பர் 14 அன்று பெய்ஜிங் விமான நிலையத்தில் பிடித்தார்கள். காவலில் உடல்நிலை மோசமடைந்து, சரியாக ஆறு மாதம் கழித்து, 2014 மார்ச் 14 அன்று மருத்துவமனையில் இறந்தார். அடுத்த வாரம் பேரவையில் சீனாவின் மீளாய்வு அறிக்கை ஏற்புக்கு வந்தபோது, ஓர் அமைப்பின் பிரதிநிதி தமக்குரிய பேச்சு நேரத்தை அவருக்கான மௌன அஞ்சலிக்குப் பயன்படுத்த முயன்றார். சீனப் பிரதிநிதி ஆட்சேபித்தார். பேச்சு நேரத்தில் பேசாமல் இருக்க உரிமை உண்டா என்று நடைமுறை விவாதம் நீண்டு, கடைசியில் மௌனத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மண்டபத்திலிருந்த அமைப்பினர் அவர் படத்தைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார்கள்.

ஐ.நா.வுடன் ஒத்துழைத்ததற்காகப் பழிவாங்கப்பட்டவர்களைப் பற்றிப் பொதுச்செயலாளர் ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை வெளியிடுகிறார். 2016 முதல் இதற்கென மூத்த அதிகாரி ஒருவரும் இருக்கிறார். அறிக்கையில் பெயர் வருவது ஓரளவு கவசம்தான். அதை நம்பி ஒருவரைத் துணிந்து அனுப்பிவிட முடியாது. ஆகவே பொறுப்புள்ள அமைப்புகள் சாட்சியிடம் ஒரே ஒரு சம்மதம் வாங்குவதோடு நிற்பதில்லை. உங்கள் விவரத்தை ஐ.நா. அலுவலகத்துக்குத் தரலாமா, அந்த அலுவலகம் அதை உங்கள் அரசுக்கு அனுப்பலாமா, பகிரங்கமாக வெளியிடலாமா என்று மூன்றையும் தனித்தனியே கேட்கின்றன. முதலாவதற்குச் சரி என்றவர் இரண்டாவதற்கு மறுக்க முழு உரிமை உண்டு. சரி என்று சொன்னவர் பின்னர் மனம் மாறவும் உரிமை உண்டு. சிறப்பு அறிக்கையாளர்கள் அரசுக்கு எழுதும் கடிதத்தில் முறையீடு செய்தவரின் பெயரைச் சொல்வதில்லை; பாதிக்கப்பட்டவரின் பெயர் பொதுவாக இடம்பெறும். இந்த வேறுபாட்டைக் குடும்பத்தாருக்கு முன்கூட்டியே புரியவைக்காத அமைப்புகள் இருப்பது வருத்தத்துக்குரியது.

முறையீடு எழுதுவது எப்படி? உள்நாட்டு நீதிமன்றங்களில் வழக்கு முடிந்த பிறகுதான் எழுத முடியும் என்கிறார்களே?
— சட்ட மாணவர் ஒருவர்

இரண்டு வேறு வழிகள் இங்கே குழம்பிக்கிடக்கின்றன. சித்திரவதை, கருத்துரிமை, நீதிபதிகளின் சுதந்திரம் போன்ற பொருள்களுக்கென நியமிக்கப்பட்ட சிறப்பு அறிக்கையாளர்களும் செயற்குழுக்களும் ஒரு வழி. இங்கே உள்நாட்டு வழக்கு முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஒருவரை இன்று பிடித்துச் சென்று உயிருக்கு ஆபத்து என்றால் இன்றே அவசர வேண்டுகோள் அனுப்பலாம். நடந்து முடிந்தவற்றுக்கு அவர்கள் அரசிடம் விளக்கம் கேட்டு எழுதுவார்கள். பொதுவாக 60 நாள் அவகாசம் தந்து, பின்னர் கடிதத்தையும், பதில் வந்திருந்தால் அதையும் வெளியிடுவார்கள். பதில் வராத மௌனமும் பதிவாகிவிடுகிறது. இந்த நிபுணர்கள் ஊதியம் வாங்காமல் பணிபுரிபவர்கள், உதவிக்கு ஆட்கள் குறைவு; ஆகவே அனுப்பிய எல்லாவற்றுக்கும் நடவடிக்கை வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மற்றொரு வழி உடன்படிக்கைக் குழுக்கள். குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறை, அதாவது விரும்பும் நாடுகள் மட்டும் தனியே சேரும் துணை ஒப்பந்தம், 1976 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்ட நாட்டின் அதிகார வரம்புக்கு உட்பட்டவர், 18 நிபுணர்கள் கொண்ட மனித உரிமைகள் குழுவிடம் தனிநபராக முறையிடலாம். உள்நாட்டுப் பரிகாரங்களை முடித்திருக்க வேண்டும் என்ற விதி இங்கே பொருந்தும்; அந்தப் பரிகாரங்கள் காரணமின்றி இழுத்தடிக்கப்பட்டால் விதிவிலக்கும் உண்டு. முடிவுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இலங்கை இந்த நெறிமுறையில் 1997இல் சேர்ந்தது. எனினும் அதற்கு உள்நாட்டில் சட்ட வலு இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2006இல் கூறிவிட்டது. இந்தியா இதில் சேரவேயில்லை.

எழுதும் முறைக்கு வருவோம். ‘எங்கள் பகுதியில் ஏராளமானோர் கொடூரமாகத் தாக்கப்பட்டனர்’ என்று தொடங்கும் கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த அலுவலரும் ஒன்றும் செய்ய முடியாது. இன்ன பெயருடையவர், இத்தனை வயது, இன்ன தேதியில் காலை எட்டு மணியளவில், வீட்டுக்கு எதிரே, இன்ன நிறச் சீருடை அணிந்த நான்கு பேரால், இந்தப் பதிவெண் கொண்ட வாகனத்தில் ஏற்றப்பட்டார், பார்த்தவர்கள் இருவர், மறுநாள் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்தார்கள் — இப்படி எழுதப்பட்ட அரைப் பக்கம், அடைமொழிகள் நிறைந்த இருபது பக்கத்தைவிட மேலானது. பார்த்தது எது, கேள்விப்பட்டது எது, ஊகித்தது எது என்று பிரித்துக் காட்டுங்கள். வசைச்சொல் கூடாது, பத்திரிகைச் செய்தியை மட்டுமே ஆதாரமாக வைத்த முறையீட்டைப் பேரவையின் புகார் நடைமுறை ஏற்காது. சித்திரவதைத் தடயங்களை மருத்துவர் பதிவு செய்ய இஸ்தான்புல் நெறிமுறை, சந்தேக மரணங்களை ஆராய மினசோட்டா நெறிமுறை, கைப்பேசிக் காணொளி போன்ற மின்னணு ஆதாரங்களைச் சேகரிக்க 2020இல் வந்த பெர்க்லி நெறிமுறை ஆகியவற்றைச் சட்ட மாணவரான நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஒரு காணொளியை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிய பிறகு அதிலிருந்த தேதியும் இடமும் காட்டும் உள்விவரங்கள் போய்விடும். எடுத்த கருவியில் உள்ள மூலக் கோப்பை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் வெளியார் தலையிட இது வழிசெய்கிறது அல்லவா?

1993இல் வியன்னாவில் கூடிய உலக மனித உரிமைகள் மாநாட்டின் பிரகடனம், எல்லா மனித உரிமைகளின் பாதுகாப்பும் சர்வதேச சமூகத்தின் நியாயமான அக்கறைக்குரியது என்கிறது. இன்று உள்விவகாரம் என்று சொல்லும் அரசுகளும் அதை ஏற்றுக்கொண்டவைதாம். வேறொரு நாட்டைப் பற்றி விவாதம் வரும்போது இந்த வாதத்தை அவை மறந்துவிடுவதையும் கவனியுங்கள்.

வல்லரசுகள் தப்பித்துக்கொள்கின்றன, சிறிய நாடுகள்தாம் மாட்டிக்கொள்கின்றன. இதை நீங்கள் மறுக்க முடியுமா?
— நெடுநாள் வாசகர்

மறுக்கவில்லை. 2022 அக்டோபரில், சீனாவின் சின்ஜியாங் பகுதியில் உய்குர் முஸ்லிம்கள் நடத்தப்படும் விதம் பற்றி ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையர் அலுவலகமே வெளியிட்ட மதிப்பீட்டை விவாதிக்கலாமா என்ற கேள்வி பேரவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. கண்டிக்க வேண்டும் என்றுகூட யாரும் கேட்கவில்லை. பேசலாமா என்றுதான் கேட்டார்கள். ஆதரவு 17, எதிர்ப்பு 19, வாக்களிக்காதோர் 11. விவாதமே நடக்கவில்லை. உறுப்பு நாட்டை இடைநிறுத்த முடியும் என்ற விதி 2011இல் லிபியாவுக்கும் 2022இல் ரஷ்யாவுக்கும் மட்டுமே பயன்பட்டிருக்கிறது.

ஆனால் வாக்குகள் என்றைக்கும் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இலங்கையில் போர் முடிந்த சில நாட்களிலேயே, 2009 மே மாதச் சிறப்பு அமர்வில், அரசைப் பெரிதும் பாராட்டிய தீர்மானம் 29 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்தவை 12 நாடுகள். 2012 மார்ச்சில், பொறுப்புக்கூறலைக் கோரிய தீர்மானம் அதே பேரவையில் 24க்கு 15 என்று வென்றது. 2021ஆம் ஆண்டுத் தீர்மானம், எதிர்கால வழக்குகளுக்காக ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை உயர் ஆணையர் அலுவலகத்துக்குக் கொடுத்தது. இந்த மாற்றத்துக்கு நாடுகளின் சொந்தக் கணக்குகளும் காரணம், அதில் ஒளிவுமறைவில்லை. எனினும் இடைப்பட்ட ஆண்டுகளில் அமைப்புகளும் பாதிக்கப்பட்டோரும் சேர்த்துக் கொடுத்த சாட்சியங்கள் இல்லையென்றால், அந்தக் கணக்குகள் மாறிய வேளையில் தீர்மானத்தில் எழுதுவதற்குப் பொருளே இருந்திராது. அதன் பிறகும் தண்டனை என்று ஏதும் வராததால் அங்கே காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள் சாலையோரத்தில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதும் அதே கணக்கின் மறுபக்கம்.

நாங்கள் ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழு. எதிலிருந்து தொடங்குவது?

காலமுறை மீளாய்விலிருந்து தொடங்குங்கள். ஐ.நா. உறுப்பு நாடுகள் 193ம் சுமார் நான்கரை ஆண்டுக்கு ஒருமுறை இதற்கு உட்பட வேண்டும். வல்லரசுகளுக்கும் விலக்கு இல்லை. உங்கள் நாட்டின் முறை எப்போது வருகிறது என்று பார்த்து, அதற்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும் கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அமைப்புகள் அனுப்பும் எல்லாவற்றையும் சுருக்கி ஒரே ஆவணமாக ஐ.நா. தயாரிக்கும் என்பதால், நீங்கள் எழுதும் இருபது பொருள்களில் இரண்டு வரி மிஞ்சினாலே பெரிது. ஆகவே உங்களிடம் கைவசம் ஆதாரம் உள்ள ஒன்றிரண்டு பொருள்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற மீளாய்வில் உங்கள் அரசு ஏற்றுக்கொண்ட பரிந்துரைகளின் பட்டியல் பகிரங்கமாகவே கிடைக்கும். அவற்றில் எது நிறைவேறவில்லை என்பதை எண்ணிட்டுக் காட்டுங்கள். அரசு தானே ஒப்புக்கொண்ட ஒன்றை உள்விவகாரம் என்று அது தள்ள முடியாது. அதே பொருளில் வேலை செய்யும் வேறு குழுக்கள் இருந்தால் கூட்டறிக்கையாக அனுப்பலாம். அதற்குச் சொல் வரம்பும் கூடுதல். அனுப்பிய கையோடு, உங்கள் தலைநகரிலுள்ள பிற நாட்டுத் தூதரகங்களுக்கு ஒரே பக்கச் சுருக்கம் ஒன்றைக் கொடுங்கள். மீளாய்வு அமர்வில் கேள்வி கேட்கும் உரிமை நாடுகளுக்குத்தான் உண்டு, அந்தக் கேள்வியை எழுதித் தர வேண்டியவர்கள் நீங்கள்.